இணைப்புகளும் வாக்குகளும்

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் மளிகைச் சாமான்களை வீடு தேடிக் கொண்டு கொடுக்கும் செயலி ஒன்றை நடத்தி வருகிறேன். 9,000 பேர் பயன்படுத்துகிறார்கள். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நண்பர்களோடு நிற்க எண்ணியிருக்கிறேன். மெகாஅப்லோடு என்ற கோப்புப் பகிர்வு இணையதளத்தை நடத்தி, பிறகு நியூசிலாந்தில் கட்சி தொடங்கிய கிம் டாட்காமின் வாழ்க்கையை வாசித்தபோது, அவரை அரசுதான் வீழ்த்தியது என்று தோன்றியது. நம் ஊரில் என்னைப் போன்ற ஒருவரால் வெல்ல முடியுமா?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

முக்கூடலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், சித்தப்பா கேபிள் டிவி நடத்திய அறையைச் சென்ற வாரம் இடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் உங்கள் கடிதமும் கேட்கிறது.

அரசு டாட்காமுக்கு அநியாயம் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். அமெரிக்கா தொடுத்த பதிப்புரிமை வழக்குக்காக, 2012 ஜனவரியில் ஆக்லாந்துக்கு வெளியே இருந்த அவருடைய மாளிகையில் காவலர்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார்கள். அந்நாட்டு உளவு அமைப்பு அவரைச் சட்டவிரோதமாக வேவு பார்த்ததற்குப் பிரதமர் ஜான் கீ மன்னிப்பே கேட்டார். ஆனால் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியில் பங்கு வணிக மோசடிக்காகத் தண்டனை பெற்றவர் அவர் என்பதை உங்கள் கடிதம் ஏன் விழுங்கிவிட்டது? தியாகி வேண்டுமென்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. 2014 தேர்தலுக்காகத் தம் இன்டர்நெட் கட்சிக்கு அவர் 30 லட்சம் நியூசிலாந்து டாலருக்கு மேல் கொடுத்தார். குடியுரிமை இல்லாததால் அவரால் போட்டியிட முடியவில்லை. அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குள் நுழைய ஒரு கட்சி 5 விழுக்காடு வாக்குப் பெற வேண்டும். அல்லது ஒரு தொகுதியிலாவது வென்றிருக்க வேண்டும். அந்த ஒரு தொகுதிக்காகத்தான் மானா கட்சியின் ஹோனே ஹராவிராவோடு கூட்டணி அமைந்தது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் உரிமைக்காகப் பல ஆண்டுகள் தெருவில் நின்ற ஹராவிரா, 2005 முதல் தே தாய் தோக்கராவ் தொகுதியைக் கையில் வைத்திருந்தவர். கூட்டணிக்குக் கிடைத்தது 1.42 விழுக்காடு. ஹராவிராவும் தம் தொகுதியை இழந்தார். தம் பெயரே நஞ்சாகிவிட்டது என்று டாட்காம் அன்றிரவே ஒப்புக்கொண்டார். அவருக்குப் போனது பணம். ஹராவிராவுக்குப் போனது, பணத்தால் வாங்க முடியாத ஒன்று.

சித்தப்பா 2001இல் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றார். "மாசாமாசம் என் கையில ரூவா குடுக்கிறவன் எனக்கு ஓட்டுப் போடமாட்டானாலே?" என்று என்னிடம் கேட்டார். வசூல் நோட்டில் 340 இணைப்புகள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அந்த வீட்டின் வாக்குகளைச் சிவப்பு மையில் எழுதிக் கூட்டி வைத்திருந்தார். பீடித் தொழிற்சங்கத்து அண்ணாச்சி ஒருவரை, வார்டு உறுப்பினராக இருந்தவரை, தம்மோடு ஒரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வாக்குக் கேட்டார். அந்த அண்ணாச்சியோ, ஆயிரம் பீடிக்குக் கொடுக்கும் இலை எடை குறைகிறதென்று பெண்களோடு கடை வாசலில் போய் நின்று, இலையை மறுபடி தராசில் வைக்கச் சொல்லிச் சண்டை போட்டவர். ஜீப்பும் மைக்கும் வந்தபின் அவர் எந்தத் திண்ணையிலும் உட்காரவில்லை.

இருவரும் தோற்றார்கள். சித்தப்பாவின் வருத்தம் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது; வசூல் நிற்கவில்லை. அண்ணாச்சி மறுநாள் வழக்கம்போல் எங்கள் தெருவுக்கு வந்தார். சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த என் அத்தை, கையை நிறுத்தாமல், "நடந்து வந்திருந்தா போட்டிருப்போம் அண்ணாச்சி" என்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் கிடந்த இலைத்துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை.

தாராளமாக நில்லுங்கள் தம்பி. வேண்டாமென்று சொல்ல நான் யார்? அந்த 9,000 பேரை மட்டும் வாக்காளர் பட்டியல் என்று எண்ணி ஏமாறாதீர்கள். நண்பர்களோடு நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் யார், நீங்கள் அழைப்பதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.