பாஸ்வேர்டைக் கொடுக்காமல் தரவைக் கொடுக்கும் வழி

கேள்வி: "சேர், நான் அம்பாறை மாவட்டத்தில் ஒரு நிறுவனத்தில் சுற்றாடல் அலுவலராக வேலை செய்கிறேன். எங்களுக்குச் சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையும், அறுகம்பேயில் ஒரு ஹோட்டலும், மட்டக்களப்பில் ஒரு குளிர் களஞ்சியமும் இருக்கின்றன. மூன்றுக்கும் தனித்தனி அமேசன் கிளவுட் கணக்கு. மின்சாரம், டீசல், உமி, கழிவுநீர் விபரங்கள் அந்தந்தக் கணக்கில் சேர்கின்றன. அவற்றை எடுத்து மாதாமாதம் கார்பன் அறிக்கை தயாரிப்பது நான்தான். மூன்று கணக்கின் பாஸ்வேர்டையும் வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆலை முகாமையாளர், தன் விபரங்களை மற்றப் பிரிவுகள் பார்க்கக் கூடாது என்கிறார். வெளிக் கணக்காய்வாளரும் வரப்போகிறார். இதைப் பாதுகாப்பாகச் செய்ய என்ன வழி?" – வாசகி, கல்முனை

பதில்: முதலில் அந்த மூன்று பாஸ்வேர்டையும் இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். உங்கள் போனில் உள்ள செய்தியை அழித்தால் போதாது. அனுப்பியவரின் போனில் அது இருக்கும், அவருடைய பேக்கப்பிலும் இருக்கும். கணக்கைத் திறந்தபோது கொடுத்த மின்னஞ்சலோடு நுழையும் 'ரூட்' பாஸ்வேர்டாக அது இருந்தால் இன்னும் அவசரம். ரூட்டில் நுழைந்தவரால் அந்தக் கணக்கில் செய்ய முடியாதது கிட்டத்தட்ட எதுவுமில்லை. மாற்றிய கையோடு, போனில் வரும் இரண்டாவது குறியீட்டைக் கட்டாயமாக்கி, ரூட்டை அன்றாட வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

பாதுகாப்பு என்றதும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான் எல்லோருக்கும் வரும். சுற்றாடல் தரவைப் பொறுத்தவரை, யாரோ ஓர் எண்ணை மாற்றிவிட்டு, மாற்றியது யார் என்று கடைசிவரை தெரியாமல் போவதுதான் எனக்குப் பெரிய கவலை. நான் உதவிக்குப் போன ஓரிடத்தில் மூன்று பேர் ஒரே பயனர் பெயரில் நுழைந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மின்மானியில் தெரிந்த மொத்த வாசிப்பை அப்படியே எழுதிவிட்டார். இன்னொருவர் அதை மாதப் பாவனை என்று நினைத்து, இவ்வளவு இருக்காதே என்று ஒரு பூச்சியத்தை எடுத்துவிட்டார். வருடக் கடைசியில் கூட்டல் பொருந்தவில்லை. பதிவேட்டைத் திறந்தால் எல்லா இடத்திலும் அதே ஒரு பெயர். பழைய பில்களைத் தேடி எடுத்து 12 மாதத்தையும் மறுபடி போட வேண்டியதாயிற்று. வேலை போனது ஒரு பக்கம். நல்ல மனதோடு திருத்திய மனிதரையும் சேர்த்து மூன்று பேரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்களே, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆகவே உங்கள் ஏற்பாட்டில் நான் தேடுவது இரண்டு விஷயங்கள். ஒவ்வொருவரும் தன் பெயரில் நுழைய வேண்டும். ஒருமுறை வைத்த எண் மாறினால், பழையதும் புதியதும் மாற்றியவர் பெயரும் மிஞ்ச வேண்டும். பார்வையை மட்டுப்படுத்துவது அதற்கு அடுத்தபடி.

அடுத்தபடி என்றாலும், ஆலை முகாமையாளரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமிக் கணக்கு கையில் கிடைத்தவர் அதை ஐந்தால் பெருக்கினாலே, அந்த மாதம் எவ்வளவு நெல் குற்றினீர்கள் என்று மட்டாகச் சொல்லிவிடுவார். பெரும்போக அறுவடை நேரத்தில் அது வியாபார ரகசியம். நெல் விலை பேசுகிறவர்கள் எல்லோரும் அறிய ஆசைப்படும் எண் அது. நாள்வாரி விபரம் ஆலையின் கணக்கிலேயே இருக்கட்டும். மாதக் கூட்டுத்தொகை மட்டும் வெளியே வரட்டும். அதையும் அறிக்கை தயாரிக்கும் உங்கள் பொறுப்பில் இருப்பவர் மட்டும் பார்க்கட்டும். மற்றப் பிரிவுகளுக்கு, கணக்குப் பார்த்து முடித்த கார்பன் தொகை போதும்.

இதைச் செய்ய நான்காவதாக ஒரு கிளவுட் கணக்கைத் திறந்து, சுற்றாடல் தரவுக்கு மட்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கையும் 'ஏ.டபிள்யூ.எஸ் ஓர்கனைசேஷன்ஸ்' (ஏ.டபிள்யூ.எஸ் என்பது அமேசன் கிளவுட்டின் சுருக்கப் பெயர்) என்ற சேவையின் கீழ் ஒரே குடும்பமாகச் சேர்க்கலாம். அந்தச் சேவைக்குத் தனிக் கட்டணம் இல்லை. குடும்பத்துக்குத் தலைமையாக இருக்கும் கணக்கில் வேறு எந்த வேலையும் வைக்காதீர்கள். உங்களுடைய மூன்றில் ஒன்றைத் தலைமையாக்கிவிட்டால், அந்தப் பிரிவுக்குத் தேவைக்கு மிஞ்சிய அதிகாரம் போய்விடும். முடிந்தால் ஐந்தாவதாக ஒரு வெற்றுக் கணக்கை அதற்கென்று ஒதுக்குங்கள்.

ஆட்கள் நுழைவதற்கு அதே குடும்பத்தில் 'ஐடென்டிட்டி சென்டர்' என்று ஒரு வசதி உண்டு. உங்கள் பெயரில் ஒரே ஒரு நுழைவு. எந்தக் கணக்கில் எந்த அளவுக்கு அதிகாரம் என்பது அங்கேயே தீர்மானிக்கப்படும். நீங்கள் நாளைக்கு வேறு வேலைக்குப் போனால் ஓரிடத்தில் நிறுத்தினால் போதும். பாஸ்வேர்ட் கை மாறவே தேவையில்லை.

நான்காவது கணக்கில் ஓர் எஸ்3 பக்கெட்டை, அதாவது கோப்புகளைச் சேமிக்கும் அமேசன் பெட்டி ஒன்றைத் திறந்து, ஆலைக்கு ஒன்று, ஹோட்டலுக்கு ஒன்று, களஞ்சியத்துக்கு ஒன்று என்று மூன்று உறைகள் வையுங்கள். ஒவ்வொரு பிரிவின் கணக்குக்கும் தன் உறைக்குள் கோப்பைப் போடும் அனுமதி மட்டும். அழிக்கும் அனுமதி வேண்டாம். மற்ற உறைகளைத் திறக்கும் அனுமதியும் வேண்டாம். உங்களுக்கு மூன்றையும் வாசிக்கும் அனுமதி.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்கின் பக்கெட்டுக்குள் கோப்பைப் போட இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டும். (இங்கே 'பொறுப்பு' என்று நான் சொல்வது, ஓர் ஆளோ மென்பொருளோ ஏற்றுக்கொள்ளும் அனுமதித் தொகுப்பை. அமேசன் அதை 'ரோல்' என்கிறது.) பக்கெட்டின் விதியில் "ஆலைக் கணக்கின் இன்ன பொறுப்பு இந்த உறைக்குள் எழுதலாம்" என்று இருக்க வேண்டும். ஆலைக் கணக்கிலும் அந்தப் பொறுப்புக்கு "வெளியே உள்ள அந்தப் பக்கெட்டில் எழுதலாம்" என்று இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் 'அனுமதி மறுப்பு' என்றுதான் வரும். எங்காவது ஒரு விதியில் வெளிப்படையாகத் தடை என்று எழுதியிருந்தால், மற்ற இடங்களில் எத்தனை அனுமதி கொடுத்தாலும் தடைதான் வெல்லும்.

மறுப்பு வந்ததும் அவசரத்தில் பக்கெட்டையே எல்லோருக்கும் திறந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் புதிய பக்கெட்டுகளில் பொதுப் பார்வைத் தடை தானாகவே போடப்பட்டு வருகிறது. அதில் கை வைக்க வேண்டாம். அதே மாற்றத்தோடு, யார் போட்ட கோப்பானாலும் பக்கெட்டின் சொந்தக்காரருக்கே அது சொந்தம் என்பதும் இயல்பு நிலையானது. அதற்கு முந்திய பழைய பக்கெட்டைப் பாவிக்கப் பார்த்தால், ஆலை போட்ட கோப்பு ஆலைக்கே சொந்தமாக நின்று, உங்களுக்குத் திறக்காமல் போகலாம். புதிதாக ஒன்று திறப்பதே சுலபம்.

குறியாக்கத்தில், அதாவது சாவி இல்லாதவர் வாசிக்க முடியாதபடி கோப்பை மாற்றி வைப்பதில், இன்னொரு சிக்கல் உண்டு. 2023 ஜனவரி முதல் எஸ்3 எல்லாப் புதிய கோப்புகளையும் தானாகக் குறியாக்கம் செய்கிறது. உங்கள் தேவைக்கு அதுவே போதும் என்றும் சொல்லலாம். சாவியும் உங்கள் கட்டுப்பாட்டில் வேண்டுமென்றால் கே.எம்.எஸ் சேவையில் நீங்களே ஒரு சாவி உருவாக்குங்கள், மாதம் ஒரு டொலர் செலவு. அமேசன் உங்களுக்காகத் தானே உருவாக்கி வைத்திருக்கும் சாவியை இன்னொரு கணக்கோடு பகிர முடியாது. பக்கெட் விதி எல்லாம் சரியாக இருந்தும் கோப்பு திறக்கவில்லை என்றால் இந்தச் சாவியைத்தான் முதலில் பாருங்கள்.

எங்கள் குடும்பத்துக்கு வெளியே உள்ள எந்தக் கணக்கும் வரக் கூடாது என்று பக்கெட் விதியில் ஒரு நிபந்தனை போடலாம். குடும்பத்தின் அடையாள எண்ணை வைத்து அது சரிபார்க்கும். வெளி வேலியாக அது நல்லது. ஆனால் குடும்பத்துக்குள் இருக்கும் எல்லோரும் வாசிக்கலாம் என்று அதையே அனுமதியாக எழுதிவிட்டால், ஹோட்டல்காரர் ஆலையின் உமிக் கணக்கைப் பார்ப்பார். வேலி வேறு, அறைக் கதவு வேறு.

இனி, மாற்றம் மறையாமல் இருப்பது. பக்கெட்டில் பதிப்பு வைக்கும் வசதியைத் திறந்துவிடுங்கள். அதே பெயரில் புதிய கோப்பைப் போட்டாலும் பழையது அடியில் இருக்கும். மாதத்தை மூடிய பிறகு யாரும் தொடாமல் இருக்க 'ஒப்ஜெக்ட் லொக்' உண்டு. அதில் இரண்டு முறைகள். கடுமையான 'கொம்ப்ளயன்ஸ்' முறையைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் குறித்த காலம் முடியும்வரை அந்தப் பதிப்பை ரூட்டாலும் அழிக்க முடியாது. முதல் வருடம் தளர்வான 'கவர்னன்ஸ்' முறையில் பழகுங்கள். ஆரம்பத்தில் பிழைகள் வரத்தான் செய்யும்.

யார் திறந்தார், யார் போட்டார் என்ற பதிவுக்கு 'கிளவுட்ரெயில்'. அது தானாக 90 நாள் காட்டும் வரலாற்றில் நிர்வாக நடவடிக்கைகள் மட்டும்தான் இருக்கும். ஒரு கோப்பை யார் வாசித்தார் என்பது அதில் வராது. அந்தப் பதிவைத் தனியாகத் திறக்க வேண்டும். இந்த ஒரு பக்கெட்டுக்கு மட்டும் திறந்தால் செலவு பெரிதாக வராது. கணக்காய்வாளர் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான், அதனால் அவர் வருவதற்கு முன்பே திறந்துவிடுங்கள். பின்னால் திறந்தால் முந்திய நாட்களின் பதிவு கிடைக்காது.

மாதம் மூன்று கோப்பு வருகிற உங்களுக்கு இதைவிடப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். தரவு ஏரி, அது இது என்று யாராவது விற்க வந்தால் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

கோப்புக்குள் இருப்பதும் பாதுகாப்பின் ஒரு பாதிதான். வெறும் எண்ணை அனுப்பாதீர்கள். எந்த மானி, எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எடுத்தது பில்லிலிருந்தா பதிவுப் புத்தகத்திலிருந்தா, அலகு கிலோவொட் மணியா லீற்றரா என்று எல்லாம் கூடவே போக வேண்டும். மின்சார பில் பெரும்பாலும் மாதம் முடியும் நாளில் முடியாது. எப்படிப் பிரித்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பிரிவுகள் தங்கள் இடத்திலேயே கார்பனாக மாற்றி அனுப்ப வேண்டாம். ஒரு லீற்றர் டீசலுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ கார்பனீரொட்சைட்டு என்ற மாதிரியான பெருக்கல் எண்கள் ஒரே இடத்தில், உங்கள் கையில், எந்த வருடத்துக்குரியவை என்ற குறிப்போடு இருக்கட்டும். ஆளுக்கொரு எண்ணால் பெருக்கினால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

ஜெனரேட்டர் டீசல், பச்சைவீட்டு வாயுக்களைக் கணக்கிடும் சர்வதேச முறையான ஜி.எச்.ஜி புரோட்டகோல் சொல்கிற முதலாம் வட்டம் (ஸ்கோப் 1), அதாவது நம் இடத்திலேயே வெளியாவது. வாங்கும் மின்சாரம் இரண்டாம் வட்டம். உமியை எரித்து வரும் கார்பனீரொட்சைட்டைத் தனியாகக் காட்ட வேண்டும். அதோடு வரும் மீதேனும் நைதரசு ஒட்சைட்டும் (N2O) முதலாம் வட்டத்தில்தான் சேரும். இந்த வேறுபாட்டைத் தாங்கும்படி கோப்பில் இரண்டு நிரல் வையுங்கள்.

நெல் அவித்த தண்ணீரின் ஆய்வுகூட அறிக்கைகளையும் ஆலையின் உறையில் மூலப் பிரதியாகவே போட்டு வையுங்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது தேடி அலைய வேண்டாம். ஹோட்டலிலிருந்து விருந்தினர் பெயர் எதுவும் வரக் கூடாது. எத்தனை பேர் எத்தனை இரவு என்ற தொகை போதும். லொறிச் சாரதிகளின் பெயரும் அப்படித்தான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அதற்காக மட்டும் சொல்லவில்லை, தேவையில்லாத பெயரைச் சேர்த்து வைக்காவிட்டால் அதைக் காப்பாற்றும் சுமையும் நமக்கு இல்லை.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். அமேசன் 2022 மார்ச்சில் 'கஸ்டமர் கார்பன் ஃபுட்பிரிண்ட் டூல்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் தெரிவது உங்கள் கிளவுட் பாவனையின் கார்பன் மட்டும். ஆலையின் உமியோ ஹோட்டலின் ஏசியோ அதில் இல்லை. தலைமைக் கணக்கில் நுழைந்தால் எல்லாக் கணக்குகளின் தொகையும் தெரியும், பிரிவுக் கணக்கில் தன்னுடையது மட்டும். அந்த எண்ணையும் உங்கள் அறிக்கையில் மூன்றாம் வட்டத்தில், அதாவது நமக்காகப் பிறர் இடத்தில் வெளியாகும் கார்பனோடு, சேர்க்கலாம். அதைப் பார்க்க மட்டும் ஓர் அனுமதி தனியாக உண்டு. அதற்காகத் தலைமைக் கணக்கின் முழு அதிகாரத்தையும் கேட்காதீர்கள்.

நம் பக்கத்து நிலைமைக்கு ஒரு சொல். கார்த்திகை, மார்கழி மழையில் மின்சாரமும் இணைப்பும் போய்ப் போய் வரும். அன்றைக்கு அனுப்ப முடியவில்லையே என்று இலிகிதர் தன் போனில் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினால், நாம் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். கோப்பு ஆலையின் கணினியில் காத்திருந்து, இணைப்பு வந்ததும் போகும்படி செய்யுங்கள். இரண்டு மூன்று நாள் பிந்தினாலும் பரவாயில்லை, அளந்த திகதி கோப்புக்குள் இருக்கிறதல்லவா. பக்கெட்டை மும்பையிலோ சிங்கப்பூரிலோ வைக்கலாம், ஆனால் சாவியும் அதே இடத்தில் இருக்கட்டும்.

வெளிக் கணக்காய்வாளருக்கு நுழைவுப் பெயர் கொடுக்க வேண்டியதில்லை. மூடிய வருடத்தின் பிரதியை அவருக்கென்று தனி உறையில் வைத்து, காலம் குறித்த இணைப்பு ஒன்றை உருவாக்கி அனுப்பலாம். அதிகபட்சம் 7 நாள் உயிரோடு இருக்கும். அந்த இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் கோப்பு திறக்கும் என்பதால் ஒரு நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள், தேவைப்பட்டால் மறுபடி அனுப்பலாம். அவர்களுடைய மென்பொருளே நேரடியாக வந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டால், அந்த மென்பொருளுக்கென்று தனிப் பொறுப்பு ஒன்றை உருவாக்குங்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் மட்டும் பொருந்தும் 'எக்ஸ்டேர்னல் ஐடி' என்ற அடையாளத்தையும் நிபந்தனையாகப் போடுங்கள். அப்போது பக்கெட்டின் வெளி வேலியிலும் அந்தப் பொறுப்புக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் அமைத்த பிறகு ஆலை முகாமையாளரை அழைத்து, அவர் பெயரிலேயே நுழைந்து ஹோட்டலின் உறையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மறுப்பு வர வேண்டும். பிறகு ஹோட்டல் முகாமையாளரின் பெயரில் நுழைந்து ஆலையின் உறை. அதற்கும் மறுப்பு வர வேண்டும். கடைசியாக உங்கள் பெயரில் நுழைந்து ஆலையின் ஒரு கோப்பை அழிக்க முயன்று பாருங்கள். அதுவும் மறுக்கப்பட்டு, அந்த மூன்று முயற்சியும் கிளவுட்ரெயிலில் அவரவர் பெயரோடு பதிவாகியிருந்தால் கணக்காய்வாளருக்கு நாள் கொடுங்கள்.