சப்ளையராக இருந்தவன் மேனேஜர் ஆகலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்ததும் வண்ணாரப்பேட்டையில் ஓர் ஓட்டலில் க்ளீனராகச் சேர்ந்தேன். பிறகு சப்ளையர், இப்போது கேப்டன். வயது 27. முதலாளி தென்காசி ரோட்டில் கிளை திறக்கிறார். குற்றால சீசனுக்கு முன்னால் திறக்க வேண்டும், நீதான் மேனேஜர் என்கிறார். எனக்கு டிகிரி கிடையாது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்த சப்ளையர் அண்ணனையும் அங்கேதான் அனுப்புகிறார்கள். அவரை நான் எப்படி வேலை வாங்குவது? கேட்டரிங் படித்துவிட்டு வரலாமா?
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, படிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் அரசு ஓட்டல் மேலாண்மைக் கல்வி நிலையங்கள் இருக்கின்றன. நட்சத்திர ஓட்டல், கப்பல் வேலை என்று ஆசை இருந்தால் அந்தப் படிப்பு கைகொடுக்கும். தென்காசி ரோட்டுக் கடைக்காக மூன்று வருஷச் சம்பளத்தை விட வேண்டியதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்டாக் பயிற்சியை மட்டும் இப்போதே முடித்துவிடுங்கள். 25 ஊழியருக்கு ஒருவராவது அதில் பயிற்சி பெற்றவர் வேண்டும் என்பது ஆணையத்தின் கணக்கு. சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, ஃப்ரிட்ஜில் இருப்பது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது என்பதெல்லாம் தெரிந்துகொண்டால், மதியம் இறக்கிய சால்னாவை ராத்திரி எட்டு மணிக்கு நீங்களே ஒருமுறை எட்டிப் பார்ப்பீர்கள்.

உங்களிடம் இல்லாதது டிகிரி அல்ல, ஸ்டோர் பழக்கம். ஹால் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கடிதத்தில் சரக்கு, கொள்முதல் பற்றி ஒரு வரிகூட இல்லையே. கடை நஷ்டத்தில் போவது பெரும்பாலும் அங்கேதான்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். மாதம் ஒன்றாம் தேதி ஸ்டோரில் 80,000 ரூபாய்ச் சரக்கு இருக்கிறது. அந்த மாதம் 4,30,000க்கு வாங்குகிறீர்கள். கடைசி நாள் எண்ணிப் பார்த்தால் 60,000க்கு மிச்சம். அப்படியானால் செலவானது 4,50,000. ஜிஎஸ்டி நீங்கலாக விற்பனை 12,50,000 என்றால், நூறு ரூபாய் விற்க 36 ரூபாய்ச் சரக்கு போயிருக்கிறது. அடுத்த மாதம் அதுவே 41 ஆனால் ஏன் என்று அன்றைக்கே தேட வேண்டும். இன்னொன்று: நம்மூர் ஓட்டல்கள் பில்லில் 5 சதவீதம் ஜிஎஸ்டி வாங்குகின்றன, எண்ணெய்க்கும் நெய்க்கும் நாம் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் வரியோடு சேர்ந்த விலையைத்தான் கணக்கில் எழுத வேண்டும். இதை விட்டுவிட்டு லாபம் பார்க்கிற முதலாளிகளும் உண்டு!

பரோட்டாவை எண்ணிவிடலாம். காலையில் எத்தனை கிலோ மைதா பிசைந்தார்கள், உருண்டை எத்தனை, பில்லில் ஏறியது எத்தனை, மிச்சம் எத்தனை; பத்து நிமிஷ வேலை. சால்னாவை அப்படி எண்ண முடியாது. திருநெல்வேலிக்காரருக்குப் பரோட்டா மிதக்க வேண்டும், இரண்டாவது தடவை ஊற்றாவிட்டால் அடுத்த வாரம் வரமாட்டார். அதற்காகக் கையைக் கட்டாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை வாளி போகிறது, பார்சலுக்கு எவ்வளவு கட்டுகிறார்கள் என்று குறித்து வைத்து, அந்தச் செலவைப் பரோட்டா விலையிலேயே சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் லீவு. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறவரை யாராலும் நிறுத்த முடியாது. ஊர்க் கோயில் திருவிழாவான கொடையும் அப்படித்தான். ஆடியில் கொடை வரும், அதே சமயம் குற்றாலத்துக்குப் போகிற காரெல்லாம் உங்கள் வாசலில் நிற்கும். எந்த ஊரில் எப்போது கொடை என்று ஒவ்வொருவரிடமும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளிமாநிலப் பையன்கள் அந்த வாரம் கடையைத் தாங்குவார்கள்; அவர்கள் தீபாவளிக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போகும்போது நம்மூர்க்காரர்கள் தாங்கட்டும். மாஸ்டர் மட்டும் ஒருவரையே நம்பி இருக்காதீர்கள். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போன மாஸ்டர்களைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மூத்த சப்ளையரை அண்ணன் என்றே கூப்பிடுங்கள், மேனேஜர் ஆனதும் மாற்ற வேண்டாம். கிளை திறக்கும் முன்பே தனியாகப் போய், "அண்ணே, ஹால் உங்க பொறுப்பு. புதுப் பையன்களைப் பழக்கிறது, யாருக்கு எந்த டேபிள்ங்கிறது நீங்க பாத்துக்கோங்க. கணக்கும் சரக்கும் நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். தப்பு நடந்தால் கஸ்டமர் முன்னால் ஒரு வார்த்தை பேசாதீர்கள், கடை சாத்தின பிறகு பேசுங்கள். அவருக்குப் பேட்டா கொஞ்சம் கூட்டித் தர முதலாளியிடம் நீங்களே கேளுங்கள். அப்படியும் முறுக்கிக்கொண்டால், அவரைப் பழைய கடைக்கே அனுப்பிவிடச் சொல்லலாம், அதில் தப்பில்லை.

முதலாளியிடம் பேசும்போது சம்பளத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் யார் கையில், ஆள் எடுப்பது யார், கல்லாவில் யார் உட்காருவார் என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். மச்சினன் கல்லாவில் உட்கார்ந்து, சித்தப்பா காய்கறி வாங்கினால், திட்டு வாங்குவதுதான் உங்கள் பங்கு. கிளை திறக்கும்வரை பழைய கடை ஸ்டோர் சாவியை உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுத்தால் தைரியமாகச் சரி சொல்லுங்கள். தயங்கினால், இந்த சீசனுக்குக் கேப்டனாகவே அங்கே போய் வேலை பாருங்கள், ஆவணியில் திரும்பவும் பேசிக்கொள்ளலாம்.