மலத்தில் தோலும் விதையும் தெரிந்தால் செரிமானம் கெட்டுவிட்டதா?

கேள்வி: சில நாட்களாக மலத்தில் மக்காச்சோளத் தோல், தக்காளித் தோல், விதை எல்லாம் அப்படியே தெரிகின்றன. வலியோ பேதியோ இல்லை, எடையும் குறையவில்லை. "உங்களுக்கு என்சைம் சுரக்கவில்லை, குடலில் பல வருடக் கழிவு ஒட்டியிருக்கிறது" என்று ஓர் ஆரோக்கிய ஆலோசகர் சொல்கிறார். என்சைம் மாத்திரையும் குடல் சுத்தப் பொடியும் மூன்று மாதம் சாப்பிட வேண்டுமாம். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம்.

நீங்கள் பார்த்தது மக்காச்சோளம் அல்ல, அதன் வெறும் தோல். வேகவைத்த மணி ஒன்றை விரலால் பிதுக்கிப் பாருங்கள்: தோல் தனியாகக் கழன்றுவிடும், உள்ளே இருப்பது மாவு. அந்த மாவை உடைக்கும் வேலை வாயில் எச்சிலிலேயே தொடங்கிவிடுகிறது. இரைப்பையில் அமிலமும் பெப்சின் என்ற என்சைமும் புரதத்தை வெட்டுகின்றன. அப்புறம் சுமார் 6 மீட்டர் நீளச் சிறுகுடல். செரிமானத்தின் பெரும்பகுதி அங்கேதான். கணைய நீர் மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கிறது, பித்தநீர் கொழுப்பைச் சின்னச் சின்னத் துளிகளாகக் கலைத்துக் கொடுக்கிறது. தோலில் இருப்பதோ செல்லுலோஸ் போன்ற நார்ப்பொருள். அதை உடைக்கும் என்சைம் மனித உடலில் யாருக்குமே சுரப்பதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் கொஞ்சம் கரைக்கும், மிச்சம் வெளியே வந்துவிடும். மெல்லாமல் விழுங்கினால் இன்னும் அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான்.

இந்தக் குடல் சுத்தப் பொடியை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அதைச் சாப்பிட்டவர்கள், கயிறு மாதிரி ரப்பர் போன்ற ஒன்று வெளியே வந்தது என்று பதறிப்போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அது பழைய கழிவு அல்ல. பொடியில் இருக்கும் இசப்கோல் போன்ற நாரும் களிமண்ணும் தண்ணீரில் ஊறி உப்பி, குடலின் வடிவத்திலேயே வருகின்றன. விற்ற சரக்கையே நோய்க்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். சிறுகுடலின் உட்சுவர் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. அங்கே வருடக்கணக்கில் எது ஒட்டிக்கொண்டிருக்க முடியும்?

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, கடும் நாற்றத்துடன், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டிக்கொண்டு, கூடவே எடையும் குறைந்தால், கொழுப்பு செரிக்கவில்லையோ என்று பார்க்க வேண்டும். கவனிக்க வேண்டியது எண்ணெயைத்தான், தோலை அல்ல. நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களுக்கும் கணையத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் இது வரலாம். கணையம் சுரக்கும் எலாஸ்டேஸ் என்ற என்சைம் மலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது இதற்கான பரிசோதனை. கணையம் போதிய அளவு சுரக்காதவர்களுக்கு என்சைம் கட்டாயம் வேண்டும். ஆனால் அது டாக்டர் எழுதித் தரும் மருந்து, இரைப்பை அமிலத்தில் சிதையாதபடி உறை போட்ட குட்டி மணிகள். வெறும் வயிற்றில் போட்டால் வீண். சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும், மணிகளை மெல்லக் கூடாது.

பல நாடுகளில் 'உணவுத் துணைப்பொருள்' என்று டப்பாவில் ஒட்டிவிட்டால் போதும், பலன் தருகிறது என்று நிரூபிக்காமலே என்சைமை விற்கலாம். இந்த ஓட்டையை அடைக்க யாருக்கும் அவசரமில்லை. டாக்டர்களான எங்கள் பக்கமும் சரியில்லை. மலத்தைப் பற்றிப் பேச நோயாளி கூச்சப்படுகிறார், பொறுமையாகக் கேட்க டாக்டருக்கு நேரம் இல்லை. பொடி விற்பவர் மட்டும்தான் உட்கார்ந்து கேட்கிறார்.

சந்தேகம் தீரவில்லையா? அடுத்த முறை மக்காச்சோளம் சாப்பிட்ட நாளைக் குறித்து வையுங்கள். தோல் வெளியே வர ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகலாம். அதில் ஒன்றைக் கிளறிப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் மாவு இருக்காது.