துப்பறியும் தொடர்களில் வழக்கமான பாணியை உடைத்து உங்களை உலுக்கிய எபிசோட் எது?

என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: 'ஹோமிசைட்: லைஃப் ஆன் தி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கத் தொடரின் முதல் சீசனில் வரும் 'த்ரீ மென் அண்ட் அடீனா'. 1993 மார்ச்சில் என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. முடிவையும் சேர்த்தே பேசப் போகிறேன். தெரிந்துகொண்டு பார்த்தாலும் சுவை குறையாத எபிசோட்தான், ஆனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தத் தொடரின் வழக்கம் என்ன என்று பார்த்துவிடலாம். பால்டிமோர் நகரப் போலீஸின் கொலைப் பிரிவுதான் களம். ஒரு எபிசோடுக்குள் இரண்டு மூன்று வழக்குகள் பின்னிப் பின்னி ஓடும். கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு ஆட்கள் பின்னாலேயே போவார்கள், காட்சிகள் திடீர் திடீரென்று வெட்டுப்படும். அலுவலகத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். துப்பு துலங்காத வழக்கென்றால் இறந்தவர் பெயர் சிவப்பு மையில், முடிந்த வழக்கென்றால் கறுப்பு மையில். சிவப்பைக் கறுப்பாக்குவதுதான் அங்கே எல்லோருக்கும் பிழைப்பு.

இந்த எபிசோடில் அந்த ஓட்டம் எல்லாம் நின்றுவிடுகிறது. கிட்டத்தட்ட முழு எபிசோடும் 'பாக்ஸ்' என்று அவர்கள் சொல்லும் விசாரணை அறைக்குள்ளேயே நடக்கிறது. ஒரு மேசை, சில நாற்காலிகள், மூன்று ஆண்கள். அடீனா வாட்சன் என்ற 11 வயதுச் சிறுமி கொல்லப்பட்டிருக்கிறாள். பிரிவுக்குப் புதிதாக வந்த டிம் பேலிஸுக்கு (கைல் செகோர்) அதுதான் பொறுப்பேற்ற முதல் கொலை வழக்கு. அவர் சந்தேகிப்பது ரிஸ்லி டக்கர் என்ற முதியவரை. டக்கர் ஓர் 'ஏராபர்'. பால்டிமோரில் குதிரை வண்டி கட்டி, குரல் கொடுத்தபடி தெருத்தெருவாகப் பழமும் காய்கறியும் விற்கிறவர்களுக்கு அந்தப் பெயர். சிறுமிக்கு அவரை நன்றாகத் தெரியும். தீப்பிடித்து எரிந்த அவருடைய லாயத்துக் கரி, அவள் உடையில் இருந்த கறையோடு ஒத்துப்போகிறது. அதற்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி சாட்சியம் எதுவும் இல்லை. ஏற்கெனவே அவரைப் பலமுறை கூட்டிவந்து குடைந்தாயிற்று. இந்த முறை கையில் இருப்பது 12 மணி நேரம். அதற்குள் வாக்குமூலம் வாங்காவிட்டால் அவரை விட்டுவிட வேண்டியதுதான்.

பேலிஸுக்குத் துணையாக ஃபிராங்க் பெம்பிள்டன் உள்ளே வருகிறார். ஆந்த்ரே பிராவர் நடித்த பாத்திரம். விசாரணை என்பது வியாபாரம், வாங்குகிறவனுக்குத் துளியும் பயன்படாத நீண்ட சிறைத்தண்டனையை அவன் தலையில் கட்டும் விற்பனை என்று முதல் எபிசோடிலேயே சொன்னவர் அவர். அதனால் நாம் தைரியமாக உட்கார்ந்து பார்க்கிறோம். ஒருவர் அடித்துப் பேசுகிறார், இன்னொருவர் அணைத்துப் பேசுகிறார். குடிப்பழக்கத்தைக் கிளறுகிறார்கள், சிறுமியின் புகைப்படங்களைக் கண்முன் வைக்கிறார்கள். பெரியவர் அசைந்து கொடுக்கவில்லை.

பிறகு நடப்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. டக்கர் திருப்பித் தாக்க ஆரம்பிக்கிறார். பெம்பிள்டனைப் பார்த்து, தன்னைப் போன்ற ஏழைக் கறுப்பர்களை நீ ஏன் வெறுக்கிறாய் தெரியுமா, நீ எங்கிருந்து வந்தாய் என்பதை மறக்கத்தான் என்கிற தொனியில் பேசுகிறார். பேலிஸிடம், உனக்குள் ஓர் இருட்டு இருக்கிறது, அதைப் பார்க்க உனக்கே பயம் என்கிறார். இரண்டு பேருக்கும் வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்கிறது. அந்த நேரத்தில் பெம்பிள்டனின் முகத்தைப் பாருங்கள். எப்போதும் பேச்சாலேயே அறையை நிரப்புகிற மனிதருக்கு உடனே பதில் வரவில்லை. பேலிஸோ பொறுமை இழந்து, பெரியவரின் தலையைச் சூடான குழாய்ப் பக்கம் பிடித்துத் தள்ளப் போகும் அளவுக்குப் போய்விடுகிறார். போலீஸ் அத்துமீறலை வீரமாகக் காட்டும் காட்சிகள் நமக்குப் பழக்கம். இங்கே அது தோல்வியாக, அசிங்கமாகத் தெரிகிறது.

கடைசியில் டக்கர் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் செய்கிறார், ஆனால் கொலையை இல்லை. தன் வாழ்க்கையில் தான் நேசித்த ஒரே ஜீவன் அந்த 11 வயதுச் சிறுமி என்று உடைந்துபோய்ச் சொல்கிறார். டக்கராக நடித்த மோசஸ் கன் அதைச் சொல்லும் விதத்தில் அருவருப்பும் இரக்கமும் ஒரே நேரத்தில் வரும், எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. (அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்துபோனார். நடிப்புக்கு வயதே இல்லை என்று காட்டிவிட்டுப் போனவர்.) நேரம் முடிகிறது. அதுவரை சந்தேகத்தோடு இருந்த பெம்பிள்டன் இப்போது, இந்த ஆள்தான் செய்தான் என்கிறார். ஆரம்பத்திலிருந்தே உறுதியாக இருந்த பேலிஸ், எனக்குத் தெரியவில்லை என்கிறார். அவ்வளவுதான். அடீனாவின் பெயர் சிவப்பிலேயே நிற்கிறது.

பார்வையாளரை ஏமாற்ற வைத்த முடிவு இல்லை இது. டேவிட் சைமன் என்ற பத்திரிகையாளர் 1988-இல் ஓராண்டு முழுக்க பால்டிமோர் கொலைப் பிரிவோடு இருந்து எழுதிய புத்தகத்திலிருந்து பிறந்த தொடர் அது. பின்னாளில் 'தி வயர்' தொடரை உருவாக்கியவரும் அவரே. அந்த ஆண்டு அங்கே நிஜமாகவே 11 வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள், வழக்கு துலங்கவே இல்லை. எபிசோடை எழுதிய டாம் ஃபொன்டானா நினைத்திருந்தால் கற்பனையில் ஒரு குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யாததுதான் அந்தக் குழந்தைக்குச் செய்த மரியாதை என்று நான் நினைக்கிறேன். எழுத்துக்காக அவருக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது, முழுத் தகுதியோடு. இயக்கியவர் மார்ட்டின் கேம்ப்பெல். பிறகு 'கோல்டன் ஐ', 'கசினோ ராயல்' என்று ஜேம்ஸ் பாண்ட் படங்கள் எடுத்த அதே ஆள்தான். நாற்காலிகளை வைத்தே இவ்வளவு பதற்றம் உண்டாக்கியிருக்கிறார்.

இன்னொன்று, மற்ற தொடர்களில் இந்த மாதிரி 'வித்தியாசமான' எபிசோட் வந்தால் அடுத்த வாரமே எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். இங்கே அடீனா வழக்கு பேலிஸைத் தொடர் முழுக்கத் துரத்துகிறது. சிறு வயதில் பேலிஸுக்கே நேர்ந்த கொடுமை ஐந்தாவது சீசனில் தெரியவரும்போது, டக்கர் சொன்ன அந்த இருட்டு வேறு அர்த்தத்தோடு திரும்ப ஒலிக்கும்.

பார்க்கப் போகிறீர்கள் என்றால் நேராக இதற்குத் தாவ வேண்டாம். முதல் எபிசோடான 'கான் ஃபார் குட்'-இல் ஆரம்பித்து வரிசையாக வாருங்கள். பேலிஸ் அந்தச் சிறுமியின் உடலுக்கு முன்னால் நிற்பதை அங்கே பார்த்திருந்தால்தான், அறைக்குள் அவர் ஏன் அப்படித் துடிக்கிறார் என்பது புரியும். இது பிடித்துப்போனால் நான்காவது சீசனில் 'ரெக்வியம் ஃபார் அடீனா' பாருங்கள். அதில் நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக் சந்தேக நபராக வருகிறார்.