ஆய்வேட்டை இலவசமாகப் புத்தகமாக்கித் தருகிறார்களாம், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: தொல்லியலில் முனைவர் பட்டம் முடித்து எட்டு மாதமாகிறது. மண்கலங்களைப் பற்றிய ஆய்வு. ஒரு பதிப்பகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஆய்வேட்டை அப்படியே புத்தகமாகப் போடுகிறார்களாம், ஐ.எஸ்.பி.என். எண் உண்டாம், எனக்குச் செலவே இல்லையாம். பத்து நாளில் பதில் வேண்டுமாம். தெரிந்தவர் ஒருவரோ, "அதெல்லாம் எதற்கு? பணம் கட்டுங்கள், ஸ்கோப்பஸில் (ஆய்வு வெளியீடுகளைப் பட்டியலிடும் தரவுத்தளம்) வரும் தொகுப்பு நூல் ஒன்றில் உங்கள் பெயரைச் சேர்த்துவிடுகிறேன்" என்கிறார். வேலைக்கு விண்ணப்பிக்க எனக்குப் புத்தகம் அவசியம். எதைச் செய்யலாம்? ஆய்வேட்டின் கோப்பைப் பதிப்பகத்துக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன்.

பதில்: கையெழுத்தும் போடாதீர்கள், தெரிந்தவரிடம் பணமும் கட்டாதீர்கள். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், தெரிந்தவர் சொல்வதுதான். அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் இந்த ஐ.எஸ்.பி.என். மயக்கத்தைத் தெளிவித்துவிடலாம். அது புத்தகத்துக்குத் தரும் சான்றிதழ் அல்ல, வெறும் அடையாள எண். 2007 தொடக்கத்திலிருந்து அதில் 13 இலக்கங்கள். எந்த நாடு அல்லது மொழிக் குழு, எந்தப் பதிப்பகம், எந்தப் புத்தகம் என்பதை அந்த எண் சொல்லும். குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகத்துக்கும் அது உண்டு, சமையல் குறிப்புக்கும் உண்டு. கடைசி இலக்கத்துக்கு மட்டும் ஒரு வேலை இருக்கிறது. இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை 10ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். அப்படி வகுபடும்படி அந்த இலக்கத்தைப் போட்டிருப்பார்கள். எண்ணை யாராவது தப்பாகத் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அந்த எண்ணில் நடக்கும் பரிசோதனை இது ஒன்றுதான். உள்ளே இருக்கும் ஆய்வை யாரும் பரிசோதித்ததாக அதற்கு அர்த்தமில்லை. டி.ஓ.ஐ. என்று, இணையத்தில் ஒரு வெளியீட்டை அடையாளம் காட்டும் எண் ஒன்றையும் காட்டுவார்கள். அதுவும் இதே கதைதான்.

சரி, இலவசமாக ஏன் போடுகிறார்கள்? அவர்களுக்குச் செலவே இல்லை, அதனால்தான். மதிப்பாய்வு கிடையாது, பிழைதிருத்தம் கிடையாது, நீங்கள் அனுப்பிய கோப்பே அச்சுப்படி. யாராவது வாங்கினால்தான் ஒரு பிரதி அச்சாகும். ஆயிரம் பேரிடம் கோப்பு வாங்கி, ஒவ்வொருவரும் தமக்கும் மாமாவுக்கும் வழிகாட்டிப் பேராசிரியருக்குமாக நாலைந்து பிரதி வாங்கினாலே அவர்களுக்குப் போதும். ஒப்பந்தம் முடிந்ததும் "ஆசிரியர் தள்ளுபடி" என்று மின்னஞ்சல் வரத் தொடங்கும்.

உங்களுக்கு என்ன நஷ்டம் என்றுதானே கேட்பீர்கள்? அந்தப் புத்தகம் வெளிவந்த நாளிலிருந்து உங்கள் ஆய்வு 'ஏற்கெனவே வெளியானது' ஆகிவிடும். நான் கல்வி நூல்களுக்குப் பதிப்பாசிரியராக இருந்த காலத்தில் ஒரு முன்மொழிவு வந்தது. படிக்கப் படிக்க சந்தோஷமாக இருந்தது. மாதிரி அத்தியாயத்தை மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்பவே எடுத்து வைத்துவிட்டேன். வழக்கமாகச் செய்வதுபோல் தலைப்பை இணையத்தில் தேடினால், அதே ஆய்வேடு ஒரு சொல் மாறாமல் விற்பனைக்குக் கிடக்கிறது. எழுதியவரைக் கேட்டேன். "அது சும்மா ஒரு ஐ.எஸ்.பி.என்.னுக்காகப் போட்டது" என்றார். உரிமை முழுவதையும், எல்லா மொழிகளுக்கும் எல்லா வடிவங்களுக்கும் சேர்த்து, எழுதிக் கொடுத்திருந்தார். திருப்பி அனுப்புவதைத் தவிர எனக்கு வழியில்லை. அத்தியாயங்களைப் பிரித்து ஆய்விதழ்களுக்கு அனுப்பும் வழியும் அவருக்கு அடைபட்டுப்போயிற்று.

உங்கள் பல்கலைக்கழகத்தின் மின்களஞ்சியத்தில் ஆய்வேடு இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். திருத்தி எழுதிய புத்தகத்துக்கு அதைத் தடையாகப் பல பதிப்பகங்கள் நினைப்பதில்லை.

இப்போது அந்தத் தெரிந்தவர். அவர் விற்பது ஆசிரியர் இடம். நீங்கள் எழுதாத கட்டுரையில் உங்கள் பெயர். இது விதிமீறல் என்று நாசூக்காகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, மோசடிதான். மருத்துவ ஆய்விதழ்கள் பின்பற்றும் சர்வதேச நெறிமுறையில் ஆசிரியராக இருக்க நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பணிக்கும் பொறுப்பு. பணம் கட்டுவது இந்த நான்கில் எதிலும் இல்லை. மற்ற துறைகளிலும் சாரம் இதுதான். நாளைக்கு மோசடி தெரிந்து பதிப்பகம் அந்த நூலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது என்றால் பட்டியலில் உங்கள் பெயர்தான் இருக்கும். தரகர் பெயர் எங்கேயும் இருக்காது. "ஸ்கோப்பஸில் வரும்" என்கிறாரே, வந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்கோப்பஸ் தன் நூல் பட்டியலைத் தானே வெளியிடுகிறது, யாரும் பார்க்கலாம். அதைப் பாருங்கள். தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தைப் பார்க்காதீர்கள்.

பட்டியலில் இருந்தாலே சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். கணினி நிரல் ஒன்று அர்த்தமே இல்லாமல் கோத்துக் கொடுத்த 120க்கும் மேற்பட்ட கருத்தரங்கக் கட்டுரைகளை ஸ்பிரிங்கர் பதிப்பகமும் ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியாளர் அமைப்பும் 2014இல் நீக்க நேர்ந்தது. அவ்வளவு பெரிய இடங்களிலேயே அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

போலிப் பதிப்பகங்களின் பட்டியல் இருந்தால் கொடுங்கள் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்க நூலகர் சில ஆண்டுகள் அப்படி ஒன்றை வைத்திருந்தார். 2017 ஜனவரியில் எடுத்துவிட்டார். பட்டியல் இருந்தாலும் முழுப் பயன் இல்லை, பெயரை மாற்றிக்கொண்டு மறுவாரமே வந்துவிடுவார்கள். நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். அந்தப் பதிப்பகத்தின் பட்டியலைத் திறந்து அறிவியல், தொல்லியல், வணிகம், மருத்துவம் என்று நாலு துறையிலும் ஒவ்வொரு புத்தகத்தை எடுங்கள். பல துறைகளில் வெளியிடுவது தப்பில்லை, பெரிய பதிப்பகங்கள் எல்லாம் அப்படித்தான். ஆனால் அங்கே துறைக்கு ஒரு பதிப்பாசிரியர் இருப்பார், பெயர் இருக்கும், அவருடைய பின்னணி தெரியும். இவர்களிடம் மீன் வளர்ப்புக்கும் சந்தையியலுக்கும் இதய நோய்க்கும் பொறுப்பு ஒரே 'குழு'. அடுத்து, அந்த நாலு புத்தகங்கள் உலக நூலகப் பட்டியலான வேர்ல்ட்கேட்டில் எத்தனை நூலகங்களில் இருக்கின்றன என்று தேடுங்கள். எந்த ஆய்விதழிலாவது மதிப்புரை வந்திருக்கிறதா பாருங்கள். இரண்டும் பூஜ்யம் என்றால் உங்கள் புத்தகத்துக்கும் அதே கதிதான். வணிக நூல் என்றால் வாசகனுக்குக் காசுதான் நஷ்டம். மருந்தளவு அட்டவணை போடும் மருத்துவ நூலை யாரும் சரிபார்க்காமல் வெளியிடுகிறார்களே, அதை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் எழுதுவதைப் படித்துவிட்டு "பணம் கேட்டால் போலி" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. திறந்த அணுக்கத்தில், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி, நூல் வெளியிடும் நல்ல பதிப்பகங்களில் பல கட்டணம் வாங்குகின்றன. விற்று வரும் வருமானம் குறையும், ஆனால் வேலை அதே வேலை. யாராவது கொடுத்துத்தானே ஆகவேண்டும்? உங்கள் துறையில் திறந்த அணுக்கம் வருவதற்கு முன்பிருந்தே இன்னொரு வழக்கமும் உண்டு. வண்ணப் படப் பக்கங்கள், மடித்து வைக்கும் வரைபடங்கள், பக்கம் பக்கமாகக் கலங்களின் கோட்டோவியங்கள் இவற்றுக்கெல்லாம் அச்சுச் செலவு எகிறும் என்பதால் மரியாதையான பதிப்பகங்களே மானியம் கொண்டுவரச் சொல்வது உண்டு. அதனால் பணம் கேட்டார்களா என்று பார்க்காதீர்கள், எப்போது கேட்டார்கள் என்று பாருங்கள். மதிப்பாய்வு முடிந்து ஏற்றுக்கொண்ட பிறகா, அதற்கு முன்பா? எதற்கு என்று பிரித்துச் சொல்கிறார்களா? உங்கள் நிறுவனமோ நிதி தந்த அமைப்போ கட்டலாமா, வசதியில்லாதவருக்கு விலக்கு உண்டா என்று கேட்டால் நேரான பதில் வருகிறதா? மதிப்பாய்வாளருக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்களா இல்லையா என்பதே தெரியாமல் இருக்கிறதா? திறந்த அணுக்க நூல்களுக்கு 2012 முதல் டி.ஓ.ஏ.பி. என்ற சர்வதேச அடைவு இருக்கிறது. பதிப்பகம் அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். இத்தனைக்கும் நல்ல பதில் இருந்தால் அது போலியில்லை. உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது, அவர்கள்தான் பணமே கேட்கவில்லையே.

நல்ல பதிப்பகம் என்ன கேட்கும்? முழு ஆய்வேட்டை முதலில் கேட்காது. ஒரு முன்மொழிவு, ஒன்றிரண்டு மாதிரி அத்தியாயங்கள், உங்கள் தன்விவரம். வெளியே இரண்டு நிபுணர்களாவது படிப்பார்கள். மாதக்கணக்கில் ஆகும், பத்து நாளில் எதுவும் நடக்காது. முன்னோர் ஆய்வுகளைப் பற்றிய அந்த நீண்ட அத்தியாயத்தை வெட்டச் சொல்வார்கள், வெட்டிவிடுங்கள். பிறர் எடுத்த புகைப்படங்கள், அருங்காட்சியகப் பொருட்களின் படங்கள் இருந்தால் நூலுக்கென்று தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஆய்வேட்டுக்கு வாங்கியது பெரும்பாலும் செல்லாது.

அதுவரை வேலை விண்ணப்பத்துக்கு என்ன செய்வது என்பீர்கள். நியாயம்தான். தேர்வுக் குழுவின் படிவத்தில் ஐ.எஸ்.பி.என். எழுத ஒரு கட்டம் இருக்கிறது, இதை யாராவது படித்தார்களா என்று எழுதக் கட்டம் இல்லை. அந்த ஒரு கட்டத்தை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இது தெரியும். ஆனாலும் அடுத்த வருடமும் அதே படிவம்தான் வரும். ஒரு நல்ல அத்தியாயத்தைத் தரமான ஆய்விதழுக்கு அனுப்பி, ஏற்றுக்கொண்ட கடிதத்தை இணையுங்கள். நூல் முன்மொழிவு மதிப்பாய்வில் இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள், பொய்யில்லையே.

கோப்பை அனுப்பிவிட்டதாகச் சொல்கிறீர்கள். அனுப்பியதாலேயே உரிமை கைமாறிவிடாது. இன்றே ஒரு வரி எழுதுங்கள்: வெளியிட எனக்குச் சம்மதமில்லை, கோப்பை நீக்கிவிடுங்கள் என்று. அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர்கள் தளத்தில் பெயர் பதிந்து 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்தினீர்களா இல்லையா என்று கடிதத்தில் இல்லை. அழுத்தியிருந்தால் விஷயம் வேறு, அதையே கையெழுத்தாக எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒப்பந்தத்தைப் பதிவிறக்கி, விலகிக்கொள்ள எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்ற பிரிவை முதலில் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அவர்களிடம் கேட்காமல், உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் பதிப்புரிமை பார்ப்பவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.