யுஎஸ்பி–சீரியல் அடாப்டர்: கேள்வி பதில்

கேள்வி: சார், இஎஸ்பி32-கேம் என்ற கேமரா பலகையில் யுஎஸ்பி சாக்கெட் இல்லை. அதனால் கணினியின் யுஎஸ்பியைப் பலகையின் சீரியல் பின்களோடு இணைக்கும் அடாப்டரை எடுத்து, அதன் டிஎக்ஸை டிஎக்ஸோடும் ஆர்எக்ஸை ஆர்எக்ஸோடும் இணைத்தேன். 'கனெக்டிங்' என்று புள்ளி புள்ளியாக ஓடிக் கடைசியில் எர்ரர் வருகிறது.

பதில்: டிஎக்ஸ் என்பது தகவலை அனுப்பும் வாய், ஆர்எக்ஸ் என்பது அதை வாங்கும் காது. வாய்க்கு எதிரே காதுதான் இருக்க வேண்டும். அந்த இரண்டு ஒயர்களையும் மாற்றிப் போடுங்கள். கிரவுண்ட் இரண்டுக்கும் பொது. அப்புறம், இந்தப் பலகையில் ஜிபிஐஓ0 பின்னைக் கிரவுண்டோடு சேர்த்து, ரீசெட் அமுக்கினால்தான் புரோகிராம் ஏறும். ஏறி முடிந்ததும் அந்த ஒயரை எடுத்துவிட்டு மறுபடி ரீசெட். கரண்டை 5 வோல்ட் பின்னில் கொடுங்கள்.

கேள்வி: ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினியை மானிட்டர் இல்லாமல், சீரியல் வழியாகப் பயன்படுத்த நினைக்கிறேன். என்னிடம் இருப்பது 5 வோல்ட் யுஎஸ்பி–சீரியல் அடாப்டர். பரவாயில்லையா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 5 வோல்ட் உள்ளே போனால் அந்தப் பின் மட்டுமல்ல, சிப்பே போகலாம்.

அடாப்டரில் 3.3, 5 என்று ஜம்பர் (மாற்றிச் செருகும் சிறு இணைப்பு) இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். சில மலிவான பலகைகளில் அந்த ஜம்பர், கரண்ட் கொடுக்கும் விசிசி பின்னின் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும். டிஎக்ஸில் 5 வோல்ட் அப்படியே வரும். அதனால் பையில் மாட்டுவதற்கு முன் அடாப்டரை மட்டும் கணினியில் செருகி, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையை டிஎக்ஸிலும் வையுங்கள். எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது டிஎக்ஸ் உயர் நிலையில்தான் நிற்கும். 3.3 காட்டினால் சரி. 5 காட்டினால், அடாப்டரின் டிஎக்ஸிலிருந்து 1 கிலோஓம், அதற்கடுத்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம் போட்டு, நடுவிலிருந்து ஒயர் எடுங்கள், 3.3 வோல்ட் கிடைக்கும்.

பையில் 6ஆம் பின் கிரவுண்ட், 8 டிஎக்ஸ், 10 ஆர்எக்ஸ். வேகம் நொடிக்கு 115200 பிட். பைக்குத் தனி சார்ஜர் இருக்கும்போது அடாப்டரின் விசிசியைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: பையின் எழுத்துகள் திரையில் வருகின்றன. ஆனால் நான் தட்டுவது எதுவும் போகவில்லை. கணினியில் மினிகாம் என்ற சீரியல் புரோகிராமைப் பயன்படுத்துகிறேன்.

பதில்: மினிகாம் செட்டிங்கில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் (தனி ஒயர்களில் அனுமதி வந்த பிறகே அனுப்பும் முறை) ஆன் ஆக இருக்கும். 'நோ' ஆக்குங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் உங்கள் டிஎக்ஸ் ஒயர் தளர்ந்திருக்கலாம்.

கேள்வி: நோட்எம்சியூவை ஆன் செய்ததும் முதல் வரி மட்டும் கிறுக்கலாக வருகிறது. பலகை கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை அம்மா, பலகை நன்றாக இருக்கிறது. நோட்எம்சியூவில் உள்ள இஎஸ்பி8266 சிப் எழுந்ததும் முதலில் பேசுவது 74880 வேகத்தில். அதில் 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருப்பதால் வரும் கணக்கு அது. கணினியில் எழுத்துகளைக் காட்டும் சீரியல் மானிட்டரை அந்த வேகத்துக்கு மாற்றினால் அந்த வரியைத் தெளிவாகப் படிக்கலாம். எல்லா வரியும் கிறுக்கலாக வந்தால்தான் உங்கள் புரோகிராமில் கொடுத்த வேகத்தைச் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: உபுண்டு 22.04இல் சிஎச்340 சிப் உள்ள அடாப்டரைச் செருகினால் போர்ட் தோன்றி, உடனே மறைந்துவிடுகிறது.

பதில்: பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள், உங்கள் அடாப்டரைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. நீங்களோ வீட்டில் யாருமோ அதைப் பயன்படுத்தவில்லை என்றால் மட்டும் நீக்குங்கள். பிறகு 'அனுமதி இல்லை' என்று வந்தால், உங்கள் பயனர் பெயரை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தும் ஒன்றும் வரவில்லை. பழுது அடாப்டரிலா பலகையிலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பலகையைக் கழற்றி வையுங்கள். அடாப்டரின் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரே ஒயரால் சேர்த்து, சீரியல் மானிட்டரில் உங்கள் பெயரைத் தட்டி அனுப்புங்கள். பெயர் திரும்பி வந்தால் அடாப்டர், கேபிள், டிரைவர் மூன்றும் நலம். போர்ட்டே தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா ஒயரே இருக்காது. இந்த ஒரு கேபிளால் நான் இரண்டு மாலை நேரங்களை இழந்திருக்கிறேன்.

கேள்வி: பழைய கணினியின் 9 பின் சீரியல் போர்ட்டில் நேராக மாட்டலாமா?

பதில்: கூடாது. அது ஆர்எஸ்-232, அதில் மைனஸ் வோல்ட்டேஜும் வரும், பலகை கருகிவிடும். நடுவில் வோல்ட்டேஜை மாற்றித் தரும் மேக்ஸ்3232 பலகை ஒன்று போட்டு மாட்டுங்கள்.