பிக்கிளில் உப்பைக் குறைத்தால் தோல் ஏன் ஊதுகிறது?

கேள்வி: பேரணாம்பட்டில் ஆட்டுத்தோல் பதனிடும் சிறிய தொழிற்கூடம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கழிவுநீரில் டி.டி.எஸ். (கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்) அளவைக் குறைக்கச் சொல்லி நெருக்குவதால், பிக்கிளில், அதாவது பதனிடும் முன் தோலை உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஓட்டும் கட்டத்தில், போடும் உப்பைத் தோல் எடையில் 8 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தோம். அமிலத்தின் அளவை மாற்றவில்லை. ஆனாலும் தோல் தடித்து, வழவழத்துவிட்டது. உப்பின் வேலைதான் என்ன? எவ்வளவு குறைக்கலாம்?

பதில்: தோலின் இழைகள் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனவை. அதன் சங்கிலி நெடுக அமினோ தொகுதிகளும் கார்பாக்சில் தொகுதிகளும் இருக்கின்றன. சுண்ணாம்பு ஏற்றி இறக்கிய தோலில் இவற்றின் நேர், எதிர் மின்னூட்டங்கள் பி.எச். 5-ஐ ஒட்டிச் சமன்படும். சல்பூரிக் அமிலம் விட்டு அதை 3-க்கு இறக்கும்போது, கார்பாக்சில் தொகுதிகளில் பெரும்பாலானவை புரோட்டானை ஏற்று மின்னூட்டத்தை இழந்துவிட, இழையில் நேர்மின்னூட்டமே மிஞ்சுகிறது.

அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்ய எதிர்மின் அயனிகளான குளோரைடும் சல்பேட்டும் இழையைச் சுற்றித் திரண்டு நிற்கின்றன. இழையை விட்டு வெளியேறினால் மின்சமநிலை குலையும் என்பதால் அவை உள்ளேயே கட்டுண்டு கிடக்கின்றன. ஆகவே தோலுக்குள் அயனிகள் மிகுதி, வெளிநீரில் குறைவு. இந்த வேறுபாட்டைக் குறைக்கத் தண்ணீர் உள்ளே புகுவதால்தான் தோல் ஊதுகிறது. இத்தகைய சமநிலையை 1911-இல் டொன்னான் விளக்கினார்; அமிலத்தில் ஜெலட்டின் ஊதுவதற்கு அதைப் பொருத்திக் காட்டியவர்கள் தோல் வேதியியலர்களான புராக்டரும் வில்சனும் (1916).

ஒரு கணக்கைப் பார்ப்போம். இழைகளுக்கிடையே உள்ள நீரில், இழையோடு பிணைந்த மின்னூட்டம் லிட்டருக்கு 0.3 மோல் என்று வைத்துக்கொள்வோம். வெளிநீரில் உப்பு 0.01 மோல் மட்டும் இருந்தால், அயனிகளின் மொத்தம் உள்ளே 0.30, வெளியே 0.02, இந்த வேறுபாடு ஏறக்குறைய 7 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். வெளியே உப்பு 1 மோல் இருந்தாலோ உள்ளே 2.02, வெளியே 2.00, அழுத்தம் அரை வளிமண்டலம்தான். இழையைச் சுற்றிய அயனித் திரளின் தடிமனும் ஏறக்குறைய 3 நானோமீட்டரிலிருந்து 0.3 நானோமீட்டராகச் சுருங்குவதால், அடுத்தடுத்த இழைகள் ஒன்றையொன்று தள்ளுவது தணிகிறது. 1 மோல் என்பது லிட்டருக்கு 58 கிராம் உப்பு. கரைசலின் அடர்த்தியைக் காட்டும் போமே மானியில் 5-க்கும் 6-க்கும் இடையில் நிற்கும். மேஸ்திரிகள் 6 டிகிரியில் கறாராக இருப்பது வெறும் பழக்கமன்று.

இந்த வரம்பில் உப்பின் செறிவைப் பாதியாக்கினால் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிக்கும். உங்கள் டிரம்மில் நடந்தது அதுவே. தோலைக் காப்பது உப்பின் எடையன்று, நீரில் அதன் செறிவு. ஆகவே குறைக்கவேண்டியது தண்ணீரை. 100 கிலோ தோலுக்கு 80 லிட்டர் நீர் விட்டால், தோலிலேயே உள்ள 75 லிட்டரையும் சேர்த்து 155 லிட்டர். 8 கிலோ உப்பு அதில் 5.2 சதவீதமாகிறது. நீரை 50 லிட்டராக்கினால் அதே செறிவுக்கு ஆறரைக் கிலோ போதும். பாதியாகக் குறையவில்லையே என்று தோன்றலாம். தோலுக்குள் இருக்கும் நீரை யாராலும் குறைக்க முடியாது. உப்பு போட்டவுடன் மானி 9-க்கு மேல்கூடக் காட்டும். உப்பு தோலுக்குள் ஏற ஏற அது இறங்கும் என்பதால், டிரம்மை இருபது நிமிடமாவது ஓட்டிய பிறகே பாருங்கள். அதன் பின்னரே, பத்து மடங்கு நீரில் மெல்ல ஊற்றி ஆறவைத்த அமிலத்தை மூன்று தவணையாக விடவேண்டும்.

உப்பை இதற்கும் கீழே கொண்டுபோக வேண்டுமானால் ஊதாத அமிலங்கள் எனப்படும் அரோமேட்டிக் சல்போனிக் அமிலங்களை நாடலாம். அவற்றின் எதிரயனிகள் அமினோ தொகுதிகளோடு இறுகப் பிணைந்து மின்னூட்டத்தையே மறைத்துவிடும், விலைதான் கூடுதல். சோடியம் சல்பேட் மாற்றாகாது: அதுவும் டி.டி.எஸ். கணக்கில் சேரும், காற்றில்லாச் சுத்திகரிப்பில் சல்பைடாகவும் மாறும்.

என்னைக் கேட்டால், முதலில் கைவைக்கவேண்டிய இடம் பிக்கிளன்று. உப்பிட்டு வரும் பச்சைத் தோலில் அதன் எடையில் 40 சதவீதம்வரை உப்பு போட்டிருப்பார்கள். ஊறவைக்கும் முன் அதை உதறி எடுப்பதே பெரிய மிச்சம். அடுத்தது, பிக்கிள் நீரை வடிகட்டி, உப்பையும் அமிலத்தையும் சரிக்கட்டி மறுபடி பயன்படுத்துவது. லிட்டருக்கு 50,000 மில்லிகிராம் உப்புள்ள அந்த நீரைக் கொட்டிவிட்டு, டி.டி.எஸ். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பை எட்டுவது அரிது.

ஊதிப்போன தோலில் உப்பைக் கூட்டினால் தடிமன் இறங்கும். ஆனால் இழைகளுக்கு ஏற்பட்ட சிதைவு முழுவதும் சீராகாது. அந்தத் தொகுப்பை உறுதி வேண்டாத சரக்குக்கு ஒதுக்கிவிடுங்கள்.